ஓரடி உயரக் கதிரை

என் வவுனியா வீட்டு விறாந்தையில் நாலு காலும் அறுத்துக் குட்டையாக்கிய பலகைக் கதிரை ஒன்று கிடக்கிறது. நிலத்திலிருந்து ஓரடி உயரம்தான். வருகிறவர்கள் சின்னப்பிள்ளைக்குச் செய்தது என்று நினைக்கிறார்கள், நானும் திருத்துவதில்லை. அது விலை கூடிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் சாரதி ஆசனம் என்று சொன்னால் எனக்குத் தலை சரியில்லை என்றுதான் பேசிக்கொள்வார்கள்.

மாங்குளத்தில் ஒரு சீமெந்துக் கடையின் மேல்மாடியில், வெளிநாட்டு இணையத்தளங்களுக்கு ஆங்கிலத்தில் கட்டுரை எழுதிக்கொடுக்கும் சின்னக் கந்தோரில் நான் வேலை செய்தேன். வாகனப் பகுதிக்கு நானும் அக்காவும் மட்டும்தான். அக்கா கூடப்பிறந்தவர் இல்லை. தண்ணீரூற்று என்ற ஊரிலிருந்து வருகிற, என்னைவிடப் பத்து வயது மூத்த, முன்பு தொண்டர் ஆசிரியையாக ஆங்கிலம் படிப்பித்தவர். அவர் எழுதுவார், நான் சரிபார்ப்பேன். போட்டிக்கு நிற்கும் இரண்டு கார்களில் வளைவில் எது நன்றாகத் திரும்பும், தினமும் ஓட்ட எது சுகம் என்று நாங்கள்தான் உலகத்துக்குச் சொன்னோம். எங்கள் இருவருக்குமாகச் சொந்தத்தில் இருந்தது ஒரு சைக்கிள். அதுவும் என்னுடையது.

மற்றவர்கள் எழுதியதைப் பத்துப் பதினைந்து வாசித்து ஒன்றாகப் பிசைந்தால் போதும் என்று முதலாளி சொல்லியிருந்தார். அக்காவுக்கு அது கைவரவில்லை. எழுதுகிற காரில் எப்படியாவது ஏறி இறங்கிப் பார்த்துவிட வேண்டும் அவருக்கு. ஆசனத்தின் உயரத்தைத் தேடி எடுத்து, கீழே கடையில் மரம் அறுக்கிற வாள் இரவல் வாங்கி, கந்தோர்க் கதிரை ஒன்றின் கால்களைத் தானே அறுத்தார். கதவுக்குப் பதிலாக வலப்பக்கத்தில் ஒரு மேசை, கூரைக்குப் பதிலாகத் தலைக்கு மேல் ஒரு கயிறு. டிக்கியின் அளவில் வெட்டிய மட்டைப்பெட்டிக்குள் அரிசிப் பையும் என் கைப்பையும் அடங்கினால் அந்தக் காருக்கு நல்ல பெயர். வீடு திரும்பும் பஸ்ஸில் வளைவு வந்தால் கண்ணை மூடிக்கொள்வார். "இப்ப பின்பக்கம் வெளிய இழுக்குது, விளங்குதோ? நாங்கள் எழுதின கார் எண்டால் இழுக்காது" என்பார். பக்கத்துச் சனம் திரும்பிப் பார்க்கும். அந்த அளவுக்கு நான் சிரித்த காலம் வேறு இல்லை.

கதிரையிலிருந்து எழும்புவது அவருக்கு இலேசில்லை. கடைசி யுத்தத்தில் இடது இடுப்பில் ஏறிய ஷெல் துண்டு உள்ளேதான் கிடந்தது. மேசையைப் பிடித்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி எழும்புவார். எண்ணிக்கை ஐந்துக்குப் போனால், அன்றாடப் பாவனைக்கு அந்தக் கார் ஆகாது என்று எழுதுவார். கணவர் இல்லை, பள்ளிக்கூடம் போகிற மகள் ஒருத்தி. அந்தப் பக்கத்தில் பெண்களுக்குக் கிடைக்கிற வேலை கார்மென்ட்ஸ், அங்கே நாள் முழுக்க நின்று துணி பார்க்க வேண்டும். "இருந்து செய்யிற வேலை எனக்கு இது ஒண்டுதான் பிள்ளை. இதுவும் போனால் நான் முடிஞ்சன்" என்று ஒருநாள் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டே சொன்னார்.

பழைய வாடிக்கையாளர் விலகி, வேறொரு நாட்டிலிருந்து புதியவர் வந்தார். சிவப்பு ஒன்று, சாம்பல் ஒன்று என்று இரண்டு கார்களின் படங்களை அனுப்பி, ஓட்டிப் பார்த்தவர் சொல்வதுபோல ஒரு கட்டுரை கேட்டார். பிடித்தால் வருடம் முழுக்க வேலை. பிடிக்காவிட்டால் வாகனப் பகுதியை மூடுவதாக முதலாளி சொல்லிவிட்டார். அக்கா ஒரு கிழமை எழுதினார். அவர் எழுதியதில் அதுதான் திறம். சிவப்புக் கார் வளைவில் நிலத்தைக் கவ்விக்கொண்டு போகும், ஆனால் அகலமான கதவுப்படியைத் தாண்டி வலக்காலை வெளியே வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். சாம்பல் கார் கொஞ்சம் சாயும், ஆனாலும் சந்தைக்குப் போய் வருகிறவரையும் மதிக்கிற கார் என்று முடித்திருந்தார்.

அச்செடுத்த தாளைக் கடைசித் தரம் பார்க்கும்போதுதான் கண்டேன். படத்தில் ஸ்டியரிங் இடப்பக்கம் இருந்தது. பழையவரின் நாட்டில் எங்களைப்போல வலப்பக்கம் இருந்து ஓட்டுவார்கள். இவருடைய நாட்டில் இடப்பக்கம். அக்காவோ தன் கதிரையில் இருந்தபடி, வலது கதவைத் திறந்து, வலக்காலை வெளியே வைத்து, முழுக்க எங்கள் பக்கத்திலிருந்தே ஓட்டியிருந்தார். பென்சிலால் ஸ்டியரிங்கைச் சுற்றி வட்டம் போட்டேன். அப்போது பஸ் ஹோன் கேட்டது. அக்காவால் ஓட முடியாது; தினமும் நான்தான் முன்னே ஓடி பஸ்ஸை மறித்து வைப்பேன். "பாத்திட்டியோ? அனுப்பட்டோ?" என்று கேட்டார். "ஓம் அக்கா, அனுப்புங்கோ" என்றேன்.

அந்த பஸ்ஸை விட்டால் என் ஊரான ஒட்டுசுட்டானில் இறங்க இருட்டிவிடும், ரோட்டில் யானை நிற்கும் என்று எனக்கு நானே எத்தனையோ நாள் சமாதானம் சொல்லியிருக்கிறேன். பொய். பஸ்ஸில் முக்கால் மணி நேரம் அக்காவின் தோளோடு தோள் இடிக்கத்தான் இருந்தேன். சொல்லியிருந்தால் ஒரு போனில் கட்டுரையை நிறுத்தியிருக்கலாம். ஆனால் முழுவதையும் திரும்ப எழுத வேண்டி வரும். அடுத்த நாள் எனக்கு லீவு, சிநேகிதியின் கலியாணம், புதுச் சேலைக்குச் சட்டை தைத்து வந்திருந்தது. அதற்காக வாயை மூடிக்கொண்டேன்.

கட்டுரை வெளியானதும் அதன் கீழே ஒருவர், இதை எழுதியவர் ஒரு நாளாவது காரில் ஏறியிருக்கிறாரா என்று கேட்டிருந்தார். அதற்குக் கீழே ஒரே சிரிப்பு. அக்கா அதை இரண்டு தரம் வாசித்தார். முதலாளி வந்து, சரிபார்த்துத்தானே அனுப்பினது என்றார். நான் நிலத்தைப் பார்த்தேன். அக்கா மேசையில் கிடந்த அச்சுத்தாளை நாலாக மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்தார். "பிழை என்ர, சேர். பிள்ளை பாக்க முதல் அவசரப்பட்டு நான்தான் அனுப்பினனான்" என்றார். அந்த மாதத்தோடு அவரை நிறுத்தினார்கள். என்னை வேறு பகுதிக்கு மாற்றினார்கள். எறியக் கிடந்த கதிரையை நான் எடுத்துக்கொண்டேன்.

அக்கா கார்மென்ட்ஸுக்குப் போனார். நாலாம் மாதம் நின்ற இடத்திலேயே விழுந்தார். பிறகு எழும்பி நடக்கவேயில்லை. எனக்கு வவுனியாவில் ஒரு லீசிங் கந்தோரில் வேலை கிடைத்தது, நான் மூன்று வருடம் அவரைப் பார்க்கப் போகவில்லை. போன மாசியில்தான் போனேன். கட்டிலில் கிடந்தார். மகள் படிப்பை விட்டுவிட்டு அதே கார்மென்ட்ஸுக்குப் போகிறாளாம். நான் அழுதுகொண்டே சொல்லத் தொடங்கினேன். "தெரியும். உன்ர பென்சில் வட்டத்தைக் கண்டனான்" என்றார். "ரெண்டு பேரும் ஏன் வேலை போய் வீட்டை இருக்கோணும் எண்டு மடிச்சு வச்சனான்." குரலில் கோபம் இல்லை. மன்னித்த குரலும் இல்லை. பிறகு, "இப்ப உனக்கு இருந்து செய்யிற வேலைதானோ?" என்று கேட்டார். ஓம் என்றேன்.

நேற்றுப் பின்னேரம் அந்தக் கதிரையில் இருந்து பார்த்தேன். பிடிப்பதற்கு வலப்பக்கத்தில் மேசை இல்லை. அக்காவைப்போல எண்ணிப் பார்க்கலாம் என்று ஒன்று சொன்னேன். இரண்டு சொல்ல முதலே எழும்பி நின்றுவிட்டேன்.