எல்லாப் பெட்டிக்கும் கையசைத்தவள்

இன்று இர்விங் நகர அலுவலகத்தில் அலுமினியத் தாளைப் பிரித்ததும் எழுந்த புளிசாத வாசனை, ஆர்லிங்டன் பக்கம் இப்போது கிடங்குகளாகிவிட்ட தீம் பார்க்கின் பார்க்கிங்கில் என்னைக் கொண்டுபோய் நிறுத்தியது. என் சின்ன வயதில், வெளிச்சாப்பாட்டை உள்ளே விடமாட்டார்கள் என்பதால் அம்மாவும் நானும் கொதிக்கிற காரின் டிக்கியைத் திறந்துவைத்து, நின்றபடியே சாப்பிடுவோம். எதில் ஏறினாலும் அம்மாவுக்குத் தலைசுற்றும். அதனால் ரோலர் கோஸ்டரில் முன்பின் தெரியாத யாராவதுதான் என் பக்கத்தில் உட்காருவார்கள். அம்மா கீழே என் செருப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். எந்தப் பெட்டியில் நான் இருப்பேன் என்று தெரியாது. அதனால் நான் வரிசையில் நிற்கும்போதே, வருகிற எல்லாப் பெட்டிக்கும் கையசைக்கத் தொடங்கிவிடுவாள். இறங்கி வந்ததும், "நீ கை காட்டினத பாத்தேன்டா" என்பாள், முகமெல்லாம் சிரிப்பாக.

இருக்கையின் முன்கம்பியை விட்டு என் கைகள் ஒருமுறைகூட எழுந்ததில்லை.