நான் குடிக்காத பச்சைவெள்ளம்

அந்த மஞ்சள் படம் நான் எடுத்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு மாதம் இதைச் சொல்ல முடியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவள் நான்.

ஊர் ஊராகச் சிதறிக் கிடக்கும் பதினைந்து பேர் ஒரு கைபேசிக் குழுவில் இருக்கிறோம். மாதம் ஒரு நிறம். அந்த நிறத்தில் சொந்தமாக ஒரு படம் எடுத்து, அச்சுப்போட்டு, கெட்டி அட்டையில் ஒட்டி, பின்பக்கம் நாலு வரி எழுதி, குலுக்கலில் விழுந்த பெயருக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். கவருக்குள் போடக் கூடாது. கிடைத்தவர் அட்டையின் இரண்டு பக்கத்தையும் குழுவில் காட்ட வேண்டும். என் மைனியை, அதாவது அண்ணன் மனைவியை, இதில் சேர்த்துவிட்டதே நான்தான். அந்தப் புத்திகெட்ட வேலைக்கு வேறு யாரையும் குறை சொல்ல முடியாது.

மஞ்சள் மாதம் வந்தபோது, நான் வாழ்க்கைப்பட்ட புதுக்கடையிலிருந்து பஸ் மாறிக் குலசேகரம் போனேன். ரப்பர் ஷீட்டுகளைப் புகைபோட்டு உலர்த்தும் ஓர் அறையின் சொந்தக்காரரிடம் கெஞ்சிக் கூத்தாடிக் கதவைத் திறக்க வைத்தேன். வெயில் பின்னாலிருந்து விழ, கம்பியில் தொங்கிய ஒரு ஷீட்டு தேன் நிறத்தில் மின்னியது. முதுகு வலிக்கக் குனிந்து நின்று எடுத்தேன். வாழ்க்கையில் அப்படி ஒரு படம் அதற்கு முன் எனக்கு அமைந்ததில்லை. அந்தச் சந்தோஷத்தில் மறுநாளே கோட்டாறுக்குப் பக்கத்தில் இருக்கும் பிறந்த வீட்டுக்குப் போய் மைனியிடம் காட்டினேன். எனக்கும் அனுப்பு, பெரிசாக்கிப் பார்க்கிறேன் என்றாள். அனுப்பினேன்.

நான் நல்ல அட்டை தேடி நாலு நாள் அலைந்தேன். அவள் அன்று சாயங்காலமே கோட்டாறில் அச்சுப்போட்டு, குழுவை நடத்தும் கோயம்புத்தூர் அம்மாவுக்குத் தன் படமாக அனுப்பிவிட்டாள். குழுவே கொண்டாடியது. என்னுடையது தஞ்சாவூர்க்காரர் ஒருவருக்குப் பிந்திப் போய்ச் சேர, அவர் இரண்டையும் அருகருகே வைத்து, இது ஏற்கெனவே பார்த்ததாயிற்றே என்று கேட்டார். கோயம்புத்தூர் அம்மா எனக்குத் தனியாக எழுதினார்: நம் குழுவில் அடுத்தவர் படத்தை எடுத்து அனுப்பும் பழக்கம் வேண்டாமே. எவ்வளவு மரியாதையான வார்த்தைகள். திருடி என்று நேராகச் சொல்லியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு எரிந்திருக்காது.

மைனிக்கு போன் போட்டேன். ஒரே குடும்பத்துக்குள் உன் படம் என் படம் என்று என்ன இருக்கிறது என்று சிரித்தாள். போனை அண்ணன் வாங்கினான்.

"ஏட்டி, நீ குழுவுல ஒண்ணும் பேசாண்டாம். நாலு பேரு அறிய நம்ம குடும்பம் நாறாண்டாம். எனக்காச் சுட்டி வாயத் தொறக்காத."

அவனுக்காக வாயைத் திறக்க மாட்டேன் என்று சொன்னேன். அண்ணன் சொல்லை நான் தட்டியதில்லை. ஆனால் கையைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு மாதம் கழித்துப் பச்சை வந்தது. குலுக்கலில் மைனியின் பெயர் மதுரையில் ஒரு டீச்சருக்கு விழுந்தது. அவரிடம் நைசாகப் பேசி மாற்றிக்கொண்டேன். பிறகு பிறந்த வீட்டுக்குப் போனேன். வந்தவளுக்கு வழக்கம்போல மைனி ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். அப்பாவின் இனிஷியல் வெட்டிய பழைய எவர்சில்வர் டம்ளர். அவள் அடுக்களைக்குள் போனதும் அதைப் படம் எடுத்தேன். ததும்பத் ததும்ப நிறைந்திருந்தது. ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. சாப்பிடச் சொன்னாள், கை நனைக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

கேரள எல்லையை ஒட்டிய எங்கள் புதுக்கடைப் பக்கம் தண்ணீரை வெள்ளம் என்போம். காய்ச்சாத தண்ணீர் பச்சைவெள்ளம். கல்யாணமாகி வந்த பின் என் வாயில் ஒட்டிக்கொண்ட வார்த்தை அது. நான் அதைச் சொல்லும்போதெல்லாம், பாதி மலையாளத்தி ஆகிவிட்டாள் என்று மைனி கேலி செய்வாள். அட்டையின் பின்பக்கம் கொட்டை எழுத்தில் எழுதினேன்: "பச்சை. உங்கள் வீட்டுப் பச்சைவெள்ளம். நான் குடிக்காதது."

கவரில்லாத அட்டை அல்லவா. அவர்கள் தெருவுக்குத் தபால் கொண்டுவருபவர் எங்கள் குடும்பத்தையே அறிந்தவர். நாத்தனார் தண்ணீர் குடிக்காமல் போய்விட்டாளாமே என்று வாசலில் நின்று உரக்க விசாரித்துவிட்டுத்தான் கொடுத்தாராம். பக்கத்து வீட்டு ஜன்னல்கள் திறந்தன என்று கேள்விப்பட்டபோது எனக்கு வயிறு குளிர்ந்தது.

அந்த ஆத்திரத்தில் மைனி அட்டையின் இரண்டு பக்கத்தையும் குழுவில் போட்டாள். என்னைக் கேவலப்படுத்துவதாக அவள் நினைப்பு. ஆனால் முதலில் நடந்தது வேறு. உங்கள் ஊரில் வெள்ளமா, எல்லாரும் பத்திரமாக இருக்கிறீர்களா என்று மதுரை டீச்சர் பதறினார். வெள்ளம் எப்படிப் பச்சையாக வரும் என்று இன்னொருவர் கேட்டார். நான் கைபேசியைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். வேறு வழியில்லாமல் என் வார்த்தைக்கு அவளே பொருள் சொல்ல வேண்டியதாயிற்று. வெள்ளம் என்றால் அங்கே குடிதண்ணீர், இது எங்கள் வீட்டுத் தண்ணீர் என்று எழுதினாள்.

தஞ்சாவூர்க்காரர் நிதானமாகக் கேட்டார்: "சொந்த நாத்தனார் உங்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்றால், என்ன நடந்தது?"

மத்தியானம் நான் சோறு வடிக்கும் நேரத்தில் மைனியிடமிருந்து ஒரு வரி வந்தது: மஞ்சள் படம் என் நாத்தனார் எடுத்தது, நான் எடுத்ததில்லை. கோயம்புத்தூர் அம்மா எல்லார் முன்னாலும் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். மைனியின் அந்த ஒரு வரியை எத்தனை முறை படித்தேன் என்று கணக்கில்லை. சோறு குழைந்துபோனது. போகட்டும் என்று விட்டேன்.

அடுத்த வாரம் பிறந்த வீட்டுக்குப் போனேன். அவள் முகம் எப்படி இருக்கிறது என்று பார்க்கத்தான் போனேன், மறைக்க என்ன இருக்கிறது. மைனி அறையை விட்டு வெளியே வரவில்லை. அண்ணன் கிணற்றடிக்குப் போய்த் தண்ணீர் கோரி, அதே டம்ளரில் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். அட்டை அவன் சட்டைப் பையில் இருந்தது. எடுத்து டம்ளர் பக்கத்தில் வைத்து, ஒரு வார்த்தையின் மேல் விரலை ஊன்றினான்.

"உங்கள் வீடுன்னு எழுதியிருக்க. அப்பம் இது உனக்க வீடு இல்லியா மக்கா?"

எனக்குச் சுருக்கென்றது. அந்த வார்த்தையை நான் அவளுக்குத்தான் எழுதினேன். டம்ளரில் அப்பாவின் எழுத்து இருப்பதைக்கூட எழுதும்போது நினைக்கவில்லை. டம்ளரை எடுத்தேன். அண்ணன் பார்த்துக்கொண்டே நின்றான்.

பாதி குடித்தேன். அது அவனுக்காக. மீதிப் பாதியை அவள் வந்து எடுக்கட்டும் என்று மேசையிலேயே வைத்துவிட்டுப் பஸ்ஸுக்குக் கிளம்பினேன்.