பன்னிரண்டு அங்குல வெட்டவெளி

எதிரி சுடும்போது ஓடுவதா, தவழ்வதா? ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் நாங்கள் நாலு பேர், இதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமையையே பாழாக்கினோம்.

நெட்டிலிருந்து விதிகளை இறக்கி நாங்களே செய்துகொண்ட போர் விளையாட்டு அது. சோல் வெட்டிய மிச்சத்தில் சிப்பாய்கள். கம்பெனி கழித்துப்போட்ட ஆட்டுத்தோலில் களத்தை வரைந்து, பலகையில் இழுத்து ஆணி அடித்தது நான். ஓடச் சொன்னால் சிப்பாய் ஒரு முறைக்கு ஆறு அங்குலம் போவான், ஆனால் குண்டு சுலபமாகப் படும். தவழச் சொன்னால் இரண்டே அங்குலம், குண்டு படுவது கம்மி. ஒவ்வொரு முறையும் எதிரி ஒரு தடவை சுடுவான். மதிலுக்குப் போக இரண்டு பாதை, இரண்டிலும் பன்னிரண்டு அங்குலம் வெட்டவெளி.

எங்களில் ஒருவரான கேட் செக்யூரிட்டி அண்ணன் பதினைந்து வருஷம் பட்டாளத்தில் இருந்தவர். "குண்டு வந்தா படுக்கணும்மா. ஓடுனவன் காலி" என்றார்.

ஆறு முறை சுடப்படுவதைவிட இரண்டு முறை மேல் என்றேன்.

"நீ இன்னா, பார்டர்ல நின்னியா?"

அவரோடு மற்ற இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு உத்தரவையும் பாதைக்கு ஒன்றாகப் பத்துப் பத்து முறை சோதிப்போம், தோற்றால் இனி படை நடத்த மாட்டேன், உங்களுக்குப் பகடை உருட்டிக்கொண்டு கிடக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். ஆறு மாதம் அதைத்தான் செய்திருந்தேன். திரும்ப அதற்குப் போக எனக்கு இஷ்டமில்லை.

தவழ்ந்தவர்களில் மூன்று பேர் மதிலைத் தொட்டார்கள். ஓடியவர்களில் முதல் ஏழு பேரும் செத்தார்கள். அவர்களில் இரண்டு ஓட்டத்திலும் தப்பியவன்கூட மதிலுக்கு ஒரு அங்குலம் முன்னால் நின்று, மூன்றாவது சூட்டில் விழுந்தான்.

இரண்டாவது ஓட்டத்திலேயே மதில் வந்திருக்க வேண்டுமே? ஸ்கேல் வைத்தேன். பதின்மூன்று அங்குலம்! தவழ்ந்த பாதை தோலின் முதுகுப் பக்கம். ஓடிய பாதையை வயிற்றுப் பக்கம் வரைந்திருந்தேன். இழுத்து ஆணி அடித்ததும் அது நீண்டுவிட்டது. வயிற்றுத் தோல் இழுபடும் என்று, அதில் வெட்டிய ஷூ முன்பக்கத் துண்டுகளைத் தினமும் கழித்துப்போடுவதுதான் என் வேலை. என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

"களம்னா அப்டித்தாம்மா இருக்கும்" என்றார் அண்ணன்.

"களம் எப்டி வேணா இருக்கட்டும்ணா. சோதனைன்னா ரெண்டுக்கும் ஒரே தூரம் இருக்கணும்."

இரண்டு பாதையையும் முதுகுப் பக்கமே வரைந்து, முதலிலிருந்து ஆரம்பித்தோம். தவழ்ந்தவர்களில் மறுபடியும் மூன்று. ஓடியவர்களில் நாலு.

"ஒரு ஆளுதானே ஜாஸ்தி" என்றார். இப்போது அவர் சிரிக்கவில்லை. "நான் என் பசங்கள ஓட வுட மாட்டேன்."

அவர் பட்டாளத்தில் நிஜமாகவே ஆட்களை இழந்தவர் என்பது எனக்குத் தெரியும். இருந்தும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

"வுடாதீங்கண்ணா. இவங்க என் பசங்க. ஓடுவாங்க."