செம்மார்பு வந்த கொல்லை

எங்கள் வீட்டுக்காரர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் பறவை பார்க்க ஆரம்பித்தார். அதுவரைக்கும் அவர் எதையும் அண்ணாந்து பார்த்தவரில்லை. மின்விசிறி நின்றுபோனால்கூட விசிறியைப் பார்க்க மாட்டார், என்னைத்தான் பார்ப்பார். பிரான்சிலிருந்து வந்த எங்கள் மாப்பிள்ளை, மாமனாருக்குப் பொழுது போக வேண்டுமே என்ற நல்லெண்ணத்தில் ஒரு பைனாகுலரைக் கொடுத்துவிட்டு விமானம் ஏறிவிட்டார். நான்தானே இங்கே இருக்கிறேன்.

காகம், மைனா, மீன்கொத்தி எல்லாம் அவருக்குச் சீக்கிரமே அலுத்துப்போயின. எல்லாருக்கும் தெரிந்த பறவையைத் தெரிந்துகொள்வதில் என்ன பெருமை? அவருக்கு வேண்டியது பொடிக் குருவிகள். பழுப்பா பச்சையா என்று சொல்ல முடியாத நிறம், இலைக்குள்ளேயே குடித்தனம், ஒரு இடத்தில் நிலையாக உட்காராத சுபாவம். அவர் வாங்கிய புத்தகத்தில் இந்த ரகம் பக்கம் பக்கமாக இருந்தது. அச்சகத்தில் ஒரே படத்தைத் தவறுதலாகப் பல தடவை போட்டுவிட்டார்கள் என்றுதான் நான் முதலில் நினைத்தேன்.

"நல்லா பாரு. இதுக்குக் கண்ணுக்கு மேல வெள்ளைக் கோடு இருக்கு, அதுக்கு இல்ல. இதுக்குக் காலு ரோஸு, அதுக்குச் சாம்பல்" என்று விரலை வைத்துக் காட்டுவார்.

"அது காலைக் காட்டாம உக்காந்திருந்தா?"

"அப்ப குரலை வெச்சுச் சொல்லணும்."

"கத்தாம இருந்தா?"

"உனக்கு இதெல்லாம் புரியாது" என்று புத்தகத்தை மூடிவிடுவார்.

இவ்வளவு கூர்மையான கண் உள்ள மனிதரை மீன் இறங்குகிற காரைக்கால்மேட்டுக்கு அனுப்பி மத்தி வாங்கி வரச் சொன்னால் கவலை மீனை வாங்கிக்கொண்டு வருவார். கேட்டால், "ரெண்டும் வெள்ளியாத்தானே மினுக்குது" என்பார். நான் மூக்குக்கண்ணாடி மாற்றியதைப் பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் தெரிந்துகொண்டார். அப்போதும் நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. பழைய கண்ணாடி என்ன ஆயிற்று என்று கேட்டார்.

அப்புறம் வாட்ஸப்பில் ஒரு பறவைக் குழுவில் சேர்ந்தார். அங்கே பொழுது விடிந்ததும் யாராவது ஒருவர் மங்கலான படம் ஒன்றைப் போடுவார். இலை தெரியும், கிளை தெரியும், நடுவில் துடைக்காமல் விட்ட கறை மாதிரி ஏதோ ஒன்று தெரியும். உடனே ஆளுக்கு ஒரு பெயர் சொல்வார்கள். ஒருவர் வாலை நம்புவார், ஒருவர் அலகை நம்புவார், யாரும் அடுத்தவரை நம்ப மாட்டார்கள். கடைசியில் குழுவின் மூத்த அறிஞர் வந்து தீர்ப்புச் சொன்னதும் எல்லாரும் கைகூப்பும் படம் போட்டுக் கலைவார்கள். அவர் புதுச்சேரிக்காரர். அவர் ஒரு பெயரைச் சொல்லிவிட்டால் குருவியே வந்து மறுத்தாலும் எடுபடாது.

இத்தனை பறவை ஆர்வமுள்ளவர்தான் எங்கள் கொல்லைக்குச் சிமெண்ட் போட வேண்டும் என்று முடிவு செய்தார். காரைக்கால் பக்கத்துத் தருமபுரத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் உண்டு. செம்பருத்தி, மருதாணி, கறிவேப்பிலை, ஒரு முருங்கை, யாரும் நடாமல் தானாக முளைத்த ஒரு வாதாங்கன்று, அதாவது நாட்டு வாதுமை. அவ்வளவுதான். ஆனால் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எனக்கென்று இருக்கும் இடம் அது ஒன்றுதான். கூடம் அவருடையது, டிவி அவருடையது, வாசல் வருகிறவர் போகிறவருடையது. கொல்லையில் போய் நின்றால் யாரும் என்னைக் கூப்பிட மாட்டார்கள். கூப்பிட்டாலும் காதில் விழவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம்.

"குப்பை சேருது, பூச்சி பொட்டு வருது, மாப்பிள்ளை வந்தா கார் நிறுத்த எடமில்ல" என்று அவர் காரணங்களை அடுக்கினார். மாப்பிள்ளைக்கு இந்த ஊரில் கார் கிடையாது. நீங்கள் ஜன்னலில் நின்று பார்க்கிற குருவியெல்லாம் அந்தக் குப்பையில்தானே இருக்கிறது என்று கேட்டேன். "குருவி எங்க வேணா போயிக்கும்" என்றார். கொத்தனார் வந்து டேப்பை இழுத்து அளந்துவிட்டு, மாசி முடிவதற்குள் வேலையை ஆரம்பித்துவிடலாம் என்று சொல்லிப் போனார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த மாசியில்தான் என் மகள் கைக்குழந்தையோடு பிரான்சிலிருந்து வந்தாள். குழந்தை முதல்முறையாக வீட்டுக்கு வருகிறது. வாசலிலேயே நிறுத்தி, மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்துச் சிவக்கச் சிவக்க ஆரத்தி எடுத்தேன். ஆரத்தித் தண்ணீரைக் கால்படாத இடத்தில் ஊற்ற வேண்டும். எங்கள் தெருவில் கால்படாத இடமும் இல்லை, மோட்டார் சைக்கிள் படாத இடமும் இல்லை. கொல்லையில் வாதாங்கன்றுக்கு அடியில் பழைய ஆட்டுக்கல் ஒன்று கிடக்கிறது. அதன் குழியில் கொண்டுபோய் ஊற்றினேன். அதற்குப் பிறகு குழந்தை காரணமில்லாமல் அழுதாலும், யாராவது வந்து கொழுகொழு என்று இருக்கிறதே என்று கண் வைத்துவிட்டுப் போனாலும் ஓர் ஆரத்தி. எல்லாம் அந்தக் குழிக்குத்தான் போயிற்று.

மகள் வந்த மறுநாள் காலை, கொல்லைப்பக்க ஜன்னலிலிருந்து அவர் கத்தினார். "ஏய், சத்தம் போடாம ஓடியா!"

போய்ப் பார்த்தேன். வாதாங்கன்றின் இலைகளுக்குள் பொடிக் குருவி ஒன்று தத்திக்கொண்டிருந்தது. மார்பும் வயிறும் செங்கல் சிவப்பு. "செம்மார்பு ஈப்பிடிப்பான்" என்றார், யாரோ காலமான செய்தியைச் சொல்வது போன்ற குரலில். குளிர்காலத்தில் வெகுதூரத்திலிருந்து வருகிற விருந்தாளியாம். பைனாகுலரின் கண்ணில் செல்போனை ஒட்டவைத்து அவர் எடுத்த படம் குழுவுக்குப் போயிற்று. இலை தெரிந்தது, கிளை தெரிந்தது, இந்தத் தடவை கறை சிவப்பாக இருந்தது. மூத்த அறிஞர் ஆமோதித்தார். என் வீட்டுக்காரர் அன்றைக்கு இரண்டு இட்லி கூடச் சாப்பிட்டார்.

அடுத்த சில நாட்களில் அதே கன்றில் மஞ்சள் மார்புக் குருவி ஒன்று வந்தது. குழு அல்லோலகல்லோலப்பட்டது. ஒரே கொல்லையில் இரண்டு அபூர்வப் பறவைகள்! மஞ்சள் மார்புக்கு மட்டும் நாலைந்து பெயர்கள் வந்தன. சிவப்பு ஆண், மஞ்சள் பெண் என்று ஒருவர் சொல்ல, அவரை மூன்று பேர் சேர்ந்து திட்டினார்கள். இதற்கிடையில் கொத்தனாருக்கு போன் போனது. "இப்ப வேலை வேணாங்க. அபூர்வப் பறவை எறங்கியிருக்கு. நான் சொல்றப்ப வாங்க" என்று இவர் சொன்னதைக் கேட்டு, அந்த ஈப்பிடிப்பானின் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும் போலிருந்தது எனக்கு.

விஷயம் எனக்குத் தெரிந்தது ஒரு மத்தியான வேளையில். கொடியில் துணி எடுக்கப் போயிருந்தேன். முதல்நாள் குழந்தைக்கு எடுத்த ஆரத்தித் தண்ணீர் ஆட்டுக்கல் குழியில் அப்படியே இருந்தது. அதில் ஒரு குருவி இறங்கி, இறக்கையை அடித்து அடித்துக் குளித்துக்கொண்டிருந்தது. வாலைச் செங்குத்தாகத் தூக்கிக்கொண்டு அது கொடியில் வந்து உட்கார்ந்தபோது பார்த்தேன். வருஷம் முழுக்க எங்கள் கொல்லையில் காதைக் கிழிக்கிற அதே தையல்சிட்டு. குளித்த அன்றைக்குச் சிவப்பு; சுண்ணாம்பின் வேகம் அடங்கினால் மஞ்சள்.

எனக்குச் சிரிப்பு வந்தது, துணியை வாயில் வைத்து அடக்கிக்கொண்டேன். அவரிடம் சொல்லவில்லை. பொய் சொன்னேன் என்று யாரும் சொல்ல முடியாது, என்னை யாரும் கேட்கவே இல்லை. இந்த வீட்டில் குருவியைப் பற்றி என்னைக் கேட்கிற வழக்கம் கிடையாது. கொல்லை பிழைத்தால் சரி என்று இருந்துவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூத்த அறிஞர் தன் கூட்டத்தோடு நேரிலேயே வந்துவிட்டார். காட்டில் மிருகங்களின் கண்ணில் படாமல் இருப்பதற்கான பச்சைத் திட்டுச் சட்டை போட்டிருந்தார். தருமபுரத்துத் தெருநாய்கள் அத்தனையும் அவர் ஒருவரைப் பார்த்துத்தான் குரைத்தன. ஆளுக்கு ஒரு கேமரா, ஒவ்வொன்றும் வாழைத்தார் கனம். மருதாணிக் கிளையை ஒடித்து வழி பண்ணிக்கொண்டு வாதாங்கன்றைச் சுற்றி நின்றார்கள். அறிஞர் செல்போனில் ஈப்பிடிப்பானின் குரலைப் போட்டார். பதிலுக்குக் கன்றுக்குள்ளிருந்து, "ட்வீட், ட்வீட், ட்வீட்" என்று ஒரே கூப்பாடு.

"அது சாதாரணத் தையல்சிட்டுங்க. அதை விட்டுடுங்க, அது கத்தறதால நம்மாளு வெளிய வர மாட்டேங்குது" என்றார் அறிஞர். கத்தியது அவருடைய ஆளேதான். நான் காபித் தட்டை அவர் பக்கம் நீட்டினேன்.

அது ஏன் அப்படிக் கத்துகிறது என்று எனக்குத் தெரியும். ஓர் அகலமான வாதா இலையின் இரண்டு ஓரத்தையும் சேர்த்துத் தைத்து, உள்ளே என் பழைய தலையணைப் பஞ்சை வைத்துக் கூடு கட்டியிருந்தது. அதற்குள் குஞ்சு இருந்தது. கூட்டத்தில் இருந்த ஒருவர் அந்த இலையைப் பார்த்துவிட்டு, "சார், இந்த எலதான் மறைக்குது. வெட்டி விட்டுட்டா ஃப்ரேம் கிளியரா வரும்" என்று பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தார். அறிஞர் தலையாட்டினார். என் வீட்டுக்காரரும் தலையாட்டினார்.

எனக்கு வந்த கோபத்தில் காபி தட்டில் சிந்தியது. வாயைத் திறந்தால் கொல்லை போய்விடும், திறக்காவிட்டால் இந்தக் கூடு போய்விடும். கத்தரிக்கோல் இலைக்குப் பக்கத்தில் போய்விட்டது. யோசிக்க நேரம் இல்லை.

"கையை எடுங்க!" என்றேன். "அது ஈப்பிடிப்பானும் இல்ல, ஒண்ணும் இல்ல. தையல்சிட்டு. எங்க பேரப்புள்ளைக்கு எடுத்த ஆரத்தித் தண்ணியில குளிச்சுட்டு நிக்குது. அந்த ஆட்டுக்கல்லுல கையை விட்டுப் பாருங்க."

கத்தரிக்கோல்காரர் நிஜமாகவே விரலை விட்டுப் பார்த்தார். விரல் சிவந்து வந்தது. என் மகள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பு மூன்று வீடு தாண்டிக் கேட்டிருக்கும். அறிஞர் தன் கேமராவுக்கு மூடி போட்டார். சந்தேகம் தனக்கு முதலிலேயே இருந்தது என்று சொல்லிவிட்டு, காபியைக் குடிக்காமல் போய்விட்டார். சாயங்காலம் குழுவில் செம்மார்பு, மஞ்சள் மார்பு இரண்டும் நீக்கப்பட்டதாக அறிவிப்பு வந்தது. யாரோ ஒரு ஆரத்தித் தட்டின் படத்தைப் போட்டு, புதிய இனம் என்று எழுதியிருந்தார்கள்.

என் வீட்டுக்காரர் நேராக உள்ளே போனார். கொத்தனாருக்குத்தான் போன் போட்டார். "நாளைக்கே வாங்க" என்றார்.

காலையில் கொத்தனார் மண்வெட்டியோடு வந்து நின்றார். நான் கொல்லைக் கதவை மறித்துக்கொண்டு நின்றேன்.

"நகரு" என்றார் என் வீட்டுக்காரர். "அதான் ஒண்ணும் இல்லைன்னு ஆயிடுச்சே. தையல்சிட்டு ஊரெல்லாம் கெடக்குது."

"ஊரெல்லாம் கெடந்தா இங்க இருக்கக் கூடாதா?"

"அது என்ன அபூர்வமா? தினமும் பாக்கறதுதானே."

"பாத்தீங்களா?" என்றேன். கொத்தனார் இருக்கிறாரே என்றுகூடத் தோன்றவில்லை. "எங்கேருந்தோ பறந்து வந்தாத்தான் உங்க கண்ணுக்குத் தெரியும். நானும் ஊரெல்லாம் இருக்கற சாதிதாங்க. முப்பது வருஷமா தினமும் இந்தக் கொல்லையிலதான் நிக்கறேன். என்னை என்னைக்காவது பாத்திருக்கீங்களா? சிமெண்ட் போடறதுன்னா என்னையும் சேத்து வெச்சுப் போட்டுடுங்க."

அழுதுவிட்டேன். வருத்தத்தைவிட ஆத்திரம்தான் அதிகம். கொத்தனார் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு முருங்கை மரத்தைப் பார்க்க ஆரம்பித்தார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பெயர் தெரியாத குருவியைப் பார்க்கும்போது அவர் முகம் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது. பிறகு கொத்தனார் பக்கம் திரும்பி, "காபி குடிச்சிட்டுப் போங்க. வேலை ஒண்ணும் இல்ல" என்றார்.

கூட்டில் இருந்த குஞ்சுகள் பறந்து போயின. கொல்லை கொல்லையாகவே இருக்கிறது. போன வாரம் என் மகள் பிரான்சுக்குக் கிளம்புவதற்கு முன்னால் அப்பாவின் செல்போனை எடுத்து வந்து எனக்குப் படித்துக் காட்டினாள். அவர் குழுவில் நீளமாக எழுதியிருந்தார். சாதாரணப் பறவைகளின் வாழிடத்தைக் காப்பதே உண்மையான பறவை நேசம் என்று ஆழ்ந்து சிந்தித்து, தன் வீட்டுக் கொல்லையைச் சிமெண்ட் போடாமல் அப்படியே விட்டுவிட முடிவு செய்திருக்கிறாராம். கீழே வரிசையாகக் கைதட்டல் படங்கள். மூத்த அறிஞரே தட்டியிருந்தார். யாரோ ஒரு அம்மாள், உங்கள் வீட்டில் மேடம் இதைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று கேட்டிருந்தார்.

அதற்கு இவர் பதில் எழுதியிருந்தார்: "அவங்களுக்கு இதுலல்லாம் ஆர்வம் கிடையாதுங்க."