நஸ்ரின் முகர்ந்து பார்த்த உப்பு

கோந்த்வாவில் எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் பிரியாணி ஆர்டர் எடுத்துச் சமைக்கிறவள் நஸ்ரின். தலைப்பிள்ளை வயிற்றில் தங்கி மூன்றாம் மாதம் பிறந்ததும் அவளுடைய நாக்கு காணாமல் போனது. வாய்க்குள் இருக்கத்தான் இருந்தது. ஆனால் எதை வைத்தாலும் துருப்பிடித்த ஆணியைச் சப்பியதுபோல் இருக்கும். தேன், ஊறுகாய், பற்பசை, எல்லாம் ஒரே ஆணி.

நாக்கைவிட்டுப் போனதெல்லாம் மூக்கில் குடியேறியது. சத்தியமாகச் சொல்கிறேன், தெருவில் நிற்கும் ஆட்டோக்காரர் காலையில் தின்றது மிசலா போஹாவா என்று மாடியிலிருந்தே சொல்வாள். மழை காத்ரஜ் மலையைத் தாண்டுமுன் அவள் கொடித்துணியை எடுப்பாள். பார்த்துக் கட்டடமே எடுக்கும். மத்தியானம் படுத்தால் வாசனைகள் மாடியேறி வந்து கட்டிலைச் சுற்றி நீலமும் மஞ்சளுமாக மிதக்குமாம். மார்பு கனத்தது. தூக்கம் நின்ற இடத்தில் வந்து இமையைப் பிடித்து இழுத்தது.

அப்போதுதான் கேம்ப் பகுதியில் ஒரு நிச்சயதார்த்தத்துக்கு அறுபது பேர் சாப்பாடு கேட்டார்கள். அவளுடைய முதல் பெரிய ஆர்டர். உப்பு தவறினால் அதுவே கடைசி.

மசாலாவில் கறி கொதித்தது. கரண்டியைக் கணவன் தாவூதிடம் நீட்டினாள்.

“உப்பு பாருங்க.”

“சூப்பர்.”

“இன்னும் வாயிலயே வைக்கல நீங்க!”

வைத்தான். “இப்பவும் சூப்பர்தான்.”

“கருகின சப்பாத்திக்கும் இதையேதான சொன்னீங்க?”

அவனை நம்பாமல் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள். வங்கியில் வேலை பார்க்கும் விசாலாக்ஷி அவள் வயதுக்காரி, முட்டைகூடத் தொடாதவள்.

“விசா, உப்பு பாக்கணும்டி.”

“மட்டனுக்கா? என்னையா? பைத்தியமாடி உனக்கு?”

“என் நாக்குதான் செத்துப்போச்சே!”

“நைவேத்யத்தை நாங்க ருசி பாத்தா பண்றோம்? கொதிக்கற வாசனைலயே உப்பு தெரியும். கொறைஞ்சா எல்லாம் தனித்தனியா வரும். சரியா இருந்தா ஒண்ணா வரும். உன் மூக்குக்கு அதெல்லாம் ஒரு வேலையா? போ!”

நஸ்ரின் திரும்பி வந்து ஆவிக்குள் முகத்தை நீட்டிக் கண்ணை மூடினாள். அடுக்களை கரைந்தது. பட்டை ஒரு மூலையில், புதினா ஒரு மூலையில், கறி எங்கோ தூரத்தில், கல்யாண வீட்டில் முறைத்துக்கொண்ட சம்பந்திகள் மாதிரி நின்றார்கள். ஒரு கை உப்பை அள்ளிப் போட்டாள். பொறுத்து, இன்னும் கொஞ்சம்.

“அடியே, கெடுக்காத!” என்று தாவூத் அலறினான்.

அவளுக்குக் கேட்கவில்லை. பட்டை நகர்ந்து புதினாவின் தோளில் சாய்ந்தது. கறி பக்கத்தில் வந்தது. பிறகு யார் யாரென்று தெரியாமல் எல்லாம் ஒரே வாசனையாகி அவளை ஒரு சாண் உயரத் தூக்கியது, தாவூத் பார்த்தானாம்.

“அரிசியைப் போடுங்க” என்றாள்.

சாயங்காலம் விசாலாக்ஷி வந்திருந்தபோது கேம்பிலிருந்து போன். பெண்ணின் அம்மா. கல்யாணச் சாப்பாட்டையும் நஸ்ரினே செய்ய வேண்டுமாம். “சரிங்க ஆன்ட்டி” என்று சொல்லி முடிக்குமுன் தூக்கம் நஸ்ரினை அள்ளிக்கொண்டு போனது. நழுவிய போனை விசாலாக்ஷி பிடித்தாள்.

“தேதியை எங்கிட்ட சொல்லுங்கோ. கொஞ்சம் மெதுவா, பிள்ளைத்தாச்சி தூங்கறா.”