தலைக்கு மேல் குறுக்கிட்ட கைகள்

போன ஞாயிறு மகள் மாடியிலிருந்தே என் ஃபோனுக்கு ஓர் ஆவணப்படத்தை அனுப்பினாள். "அப்பா, இவரு உங்க மில்லுல இருந்தவராம். ஹெவி மெட்டல் மியூசிக்ல பழைய ஆளு. டிரம்ஸ்ல இன்னா அடி அடிக்கிறாருப்பா!"

திறந்தால், அந்தோணி அண்ணன். நரைத்த முடி இன்னும் தோளில் கிடக்கிறது.

படத்துக்கு வாசனை கிடையாது என்பார்கள். எனக்கு வந்தது, எந்திரம் துடைத்து எண்ணெயில் ஊறிய பனியன் வேஸ்ட் துணியின் வாசனை. அப்போது கும்மிடிப்பூண்டி இரும்பு ரோலிங் மில்லில் நான் டிப்ளமோ முடித்து வந்த புது சூப்பர்வைசர். அவர் கிரேனுக்குச் சைகை காட்டுகிறவர். அந்த இரைச்சலில் வாய்ப்பேச்சு செல்லாது. அவர் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் குறுக்கே வைத்தால் கிரேன் அப்படியே நிற்க வேண்டும்.

அவருடைய இசைக்குழுவும் மில் ஆட்கள்தான். புதுவாயலில் ஒரு காலிக் கொட்டகையில் வாசிப்பார்கள். அவர் டிரம்ஸ். பாட்டை முடிக்கவும் அதே சைகைதான். வேறு எது கேட்கும்? நான் பனியன் வேஸ்ட்டைக் காதில் அடைத்துக்கொண்டு மூலையில் இருப்பேன்.

"இன்னா சார், கல்யாண ஊட்டுக்கு வந்து வாயக் கட்டிக்கினா மாரி குந்திகினுகீற?"

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், அடைப்பை எடுக்காமல். பயந்தாங்கொள்ளியின் காது இன்றும் கேட்கிறது.

படத்தில் கேள்விகளை அவர் மனைவி கைச்சைகையாலேயே அவருக்குச் சொல்கிறார். காதைத் தின்றது மில்லா, டிரம்ஸா?

"ரெண்டும் பங்கு போட்டுத் துண்ணுச்சிபா! மொதல்ல குய்யினு இருந்துச்சி. தானா பூடும்னு வுட்டேன்." தன் குரலின் அளவு தெரியாமல் கத்திச் சிரிக்கிறார்.

மனைவி சிரிக்கவில்லை. "பேரன் தாத்தான்னு கூப்புடுறான். இவுருக்கு இன்னும் அவன் கொரலே தெரியாது."

அங்கேயே நிறுத்திவிட்டேன். என் மகளும் டிரம்ஸ்தான். சில நாள் முன்பு சாப்பிடும்போது சொல்லியிருந்தாள்: "காதுல குய்யினு இருக்குதுப்பா. டாக்டர்லாம் வாணாம், தானா போயிடும்."

வேப்பம்பட்டில் எங்கள் வீட்டு மாடி அறையில்தான் அப்போதும் வாசித்துக்கொண்டிருந்தாள். வாசலில் நின்று பெயர் சொல்லிக் கத்தினேன். திரும்பவில்லை. எதிரே போய் நின்று, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் குறுக்கே வைத்தேன்.

அந்த மில் இருந்த இடத்தில் இப்போது ஏதோ கிடங்கு. கிரேன் போயிற்று, கொட்டகை போயிற்று. அந்தச் சைகையைக் கண்டு நிற்கிறவர்களும் போய்விட்டார்கள்.

மகள் நிமிர்ந்து பார்த்தாள். அப்பா கையைத் தூக்கி ரசிக்கிறார் என்று நினைத்தாளோ என்னவோ, சிரித்துக்கொண்டே இன்னும் வேகமாக அடித்தாள்.