பாதிச் சத்தத்தில் ஒரு ராப் பாட்டு

கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸுக்கு, ஞாயிறு ஆராதனைக்குக் கோயிலுக்குப் போகும் வழியில், சிவப்பு விளக்கில் நிற்கும்போது, பக்கத்துக் காரிலிருந்து ஒருவன் கடவுளை அதட்டுவான். தமிழில்தான், ராப்பில். என் கார்க் கண்ணாடி அதிரும். எங்கள் திருநெல்வேலிப் பக்கம் ஆண்டவரிடம் இந்தக் குரலில் பேசினால் அடுத்த ஞாயிறு பிரசங்கமே நம்மைப் பற்றித்தான். இங்கே பச்சை விழுந்ததும் அவன் போய்விடுகிறான். ஆண்டவரும் ஒன்றும் சொல்வதில்லை.

அப்படியொரு பாட்டைச் சபைக் கமிட்டி என் தலையில் கட்டியது. கடல் தாண்டி வந்த ஊர்க்காரர், தமிழ் சுத்தம், பாடலாமா கூடாதா என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள் என்றார்கள். பண்டமாரானில் இருக்கும் எஸ்தர், விபத்தில் இறந்த அண்ணனின் நினைவு ஆராதனையில் அதைப் பாட அனுமதி கேட்டிருந்தாள். அவன் துறைமுகத்தில் லோரி ஓட்டியவன். கோயிலுக்கு வருவதை நிறுத்திய பிறகு லோரியில் தினமும் ஓடியது இந்தப் பாட்டுதான். பாடியவன் கிள்ளான் பையன், கிறிஸ்தவனில்லை. பாட்டு முழுக்க, எங்கே போனாய் என்று கடவுளோடு சண்டை. நடுவில் ஒரு கெட்ட வார்த்தை. அனுமதி இல்லையென்றால் தானும் இனி வரப்போவதில்லை என்று பாஸ்டரிடம் சொல்லியிருந்தாள் எஸ்தர்.

எனக்குத் தெரிந்த ஒரே வழி அப்பாவுடையது. லெந்து நோன்பு நாட்களில் வீட்டில் சினிமாப் பாட்டுக் கிடையாது. செய்தி முடிந்ததும் ரேடியோவை அணைத்துவிடுவார். அடுத்து வருவது கடவுளை அழைத்து அழும் பாட்டாக இருந்தால் மட்டும் அணைக்க மனம் வராது. குமிழைத் திருகிப் பாதிச் சத்தத்தில் வைப்பார். பாதிச் சத்தத்துக்குப் பாதிப் பாவம் என்று கணக்கு போலிருக்கிறது.

நானும் குமிழைத் திருகினேன். கெட்ட வார்த்தையை எடுத்தேன். கடைசிக் கேள்விக்குப் பிறகு, நீர் என்னோடிருந்தீர் என்று நாலு வரி ஸ்தோத்திரம் சேர்த்தேன். எதுகைகூட அமைந்துவிட்டது.

கோயில் வாசலில் நின்று படித்தாள் எஸ்தர்.

"கெட்ட வார்த்தைய எடுத்தது ஓகே லா, அங்கிள். அம்மா வருவாங்க. ஆனா கடைசியில இது யாரு பேசுறா?"

விசுவாசத்தோடு முடியட்டும் என்று நினைத்ததாகச் சொன்னேன்.

"அண்ணன் முடிக்கலையே. கேட்டுக்கிட்டேதான் போனான். அவனுக்குப் பதிலா நீங்க ஏன் சமாதானம் ஆயிட்டீங்க?"

பெரிய வெள்ளியன்று, ஏன் என்னைக் கைவிட்டீர் என்று சிலுவையிலிருந்து எழுந்த கேள்வியைப் பற்றி இதே கோயிலில் அரை மணி நேரம் பேசியவன் நான். அதற்கும் நாலு வரி சேர்த்துச் சரிசெய்ய வேண்டுமென்று எனக்குத் தோன்றியதில்லை.

என் வரிகளை அடித்துவிட்டு, பாடலாம் என்று கமிட்டிக்குச் சொன்னேன். சொன்னது சரிதானா என்று வீடு வரும்வரை சிவப்பு விளக்குக்குச் சிவப்பு விளக்கு யோசித்தேன், இன்னும் யோசிக்கிறேன்.

ஆராதனையில் எஸ்தர், எங்கே போனாய் என்ற அந்தக் கேள்வியோடு நிறுத்தினாள். யாரும் ஆமென் சொல்லவில்லை. அவள் அம்மா கண்ணைத் துடைக்கவும் இல்லை. முன்வரிசைக் கமிட்டித் தலைகள் என் பக்கம் திரும்பின. பெஞ்சுக்கு அடியில் என் கால் அந்தக் கிள்ளான் பையனின் தாளத்தை இன்னும் போட்டுக்கொண்டிருந்தது. மடியில் கிடந்த கை, ஊரில் அப்பா திருகிய ரேடியோக் குமிழைத் தேடிக்கொண்டிருந்தது.